கேளுங்கள்… டிரா மட்டும் கேட்காதீர்கள்!

கே: கிராண்ட் செஸ் டூர் என்கிறார்களே, அது சுற்றுலாவா, போட்டியா? (பஸ் கண்டக்டர், திண்டுக்கல்)

ப: உலகின் முன்னணி ஆட்டக்காரர்களை ஊர் ஊராகக் கூட்டிப்போய், ஒருவர் தூக்கத்தை இன்னொருவர் கெடுக்க வைக்கும் ஏற்பாடு. 2015-ல் ஸ்டாவங்கர், செயின்ட் லூயிஸ், லண்டன் என மூன்று ஊர்களில் ஆரம்பித்தது. அடுத்த வருடமே நார்வேக்காரர்கள் கழன்றுகொள்ள, பாரிசும் லூவெனும் உள்ளே வந்தன. நம் கூட்டணிகளாவது தேர்தல் வரை தாங்கும்.

கே: இத்தனைக்கும் காசு யார் தருகிறார்கள்? (வட்டிக்கடை உதவியாளர், விருதுநகர்)

ப: பெரிய பர்ஸ், செயின்ட் லூயிஸின் ரெக்ஸ் சிங்க்ஃபீல்டு. அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். பங்குச் சந்தையை மூளையால் ஜெயிக்கப் பார்க்காதே, குறியீட்டோடு கூடவே நட என்று 1973-லேயே நிதித் திட்டம் போட்டுக் கோடிகள் பார்த்தார். இப்போது மூளையால் ஜெயிப்பவர்களுக்குச் செலவழிக்கிறார். பிராயச்சித்தம்!

கே: டூரின் புகாரெஸ்ட் போட்டி 'சூப்பர்பெட்' பெயரில் நடந்துவந்ததே, யார் அது? (அதே வட்டிக்கடை உதவியாளர்)

ப: விட மாட்டீர் போலிருக்கிறதே! ருமேனியாவின் பந்தயக் கம்பெனி. தாயக்கட்டைக்கு வேலையே இல்லாத ஆட்டத்துக்குச் சூதாட்டப் பணம். சகுனி கேள்விப்பட்டால் தொழிலை மாற்றிக்கொள்வான்.

கே: செயின்ட் லூயிஸில் செஸ்ஸைத் தவிர என்ன பார்க்கலாம்? (மகனைப் பார்க்க அமெரிக்கா போகும் தாத்தா, கும்பகோணம்)

ப: இன்னும் கொஞ்சம் செஸ் பார்க்கலாம். அமெரிக்க செனட்டே 2014-ல் அதைத் தேசத்தின் செஸ் தலைநகர் என்று தீர்மானம் போட்டுவிட்டது. அங்குள்ள செஸ் அருங்காட்சியக வாசலில் 20 அடி உயர ராஜா நிற்கிறார். எடை கிட்டத்தட்ட 5 டன். தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும் என்ற விதியை அங்கே மட்டும் யாரும் வற்புறுத்துவதில்லை, தைரியமாகத் தொடுங்கள்.

கே: ரேபிடுக்கும் பிளிட்ஸுக்கும் என்ன வித்தியாசம்? (பிளஸ் டூ மாணவி, நாமக்கல்)

ப: ரேபிடில் யோசித்துவிட்டுத் தப்பு செய்யலாம். பிளிட்ஸில் யோசிக்க நேரமில்லை, தப்புக்கு உண்டு. டூரில் ரேபிட் வெற்றிக்கு 2 புள்ளி, பிளிட்ஸ் வெற்றிக்கு 1. ஆனால் 9 ரேபிட், 18 பிளிட்ஸ். பெருக்கிப் பாருங்கள், தராசு நேராக நிற்கும்.

கே: குகேஷை 'பலவீனமான ஆட்டக்காரர்' என்றாராமே கார்ல்சன்? (ரத்தம் கொதிக்கும் ரசிகர், ஆவடி)

ப: 2025 ஜூலை, டூரின் ஜாக்ரெப் போட்டி. பலவீனமானவரோடு ஆடுவதாக நினைத்துக்கொண்டு ஆடுவேன் என்கிற பாணியில்தான் பேசினார். ரேபிடில் அந்தப் 'பலவீனர்' கறுப்புக் காயை வைத்துக்கொண்டே அவரைச் சாய்த்தார். ரேபிட் பகுதியில் முதலிடமும் பிடித்தார். இங்கேயே நிறுத்தினால் நீங்கள் கைதட்டுவீர்கள். அப்புறம் பிளிட்ஸ் நடந்தது. கோப்பை கார்ல்சனுக்கு, குகேஷுக்கு மூன்றாம் இடம். கொதிப்பைக் கொஞ்சம் இறக்கிவையுங்கள்.

கே: 2025 புகாரெஸ்ட்டில் ஜெயித்த பிரக்ஞானந்தாவுக்கு முதல் பரிசு முழுசாகக் கிடைத்ததா? (ஆடிட்டர், மயிலாப்பூர்)

ப: உமக்குக் கவலை கோப்பையைப் பற்றி இருக்காதே! பிரக், ஃபிரூஸ்ஜா, வாசியே-லாக்ராவ் மூவரும் சம புள்ளி. டை பிரேக்கில் வாசியே-லாக்ராவை வீழ்த்திப் பிரக் கோப்பையைத் தூக்கினார். பணத்தைச் சமமாகப் பிரிப்பது டூர் வழக்கம்; டை பிரேக் பட்டத்துக்கும் டூர் புள்ளிக்கும்தான். முந்தைய வருடம் அதே ஊரில் நால்வர் சமம், அதில் இருவர் நம் பிள்ளைகள். அப்போது தட்டிப் பறித்தவர் கருவானா.

கே: டூரின் சிங்க்ஃபீல்டு கோப்பையில் எதிராளியிடம் டிரா கேட்கக் கூடாதாமே? (புதுமாப்பிள்ளை, தேனி)

ப: வாய் திறந்து கேட்கக் கூடாது. ஆனால் ஒரே நிலை மூன்று தடவை வந்தால் டிரா. எனவே இருவரும் ராணியை அங்கும் இங்கும் நடக்கவிட்டுக் கைகுலுக்கிவிடுவார்கள். 'நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க' என்று உங்கள் வீட்டில் சொன்னார்களே, அந்த ரகம்.

கே: நீமன் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லவும். (அவசரக்காரர், ஓசூர்)

ப: 2022 செப்டம்பர் 4, சிங்க்ஃபீல்டு கோப்பை. வேறொருவருக்குப் பதிலாக வந்த 19 வயது ஹான்ஸ் நீமன் கார்ல்சனைத் தோற்கடித்தார். மறுநாள் கார்ல்சன் விலகல். விளக்கம்? கால்பந்துப் பயிற்சியாளர் மொரின்யோவின் பழைய வீடியோ: நான் பேசினால் வம்பு.

அவர் பேசவில்லை, உலகமே பேசியது. ஒளிபரப்பு 15 நிமிடம் தாமதம், வாசலில் சோதனை என்று அரங்கம் விமான நிலையமாயிற்று. நீமன் 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 2023 ஜூனில் தள்ளுபடி, ஆகஸ்டில் சமரசம். அந்த ஆட்டத்தில் தில்லுமுல்லு நடந்ததற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. ஆடாமல் போன ஆட்டங்களால் இவ்வளவு பேசப்பட்டவர் கார்ல்சன் ஒருவர்தான்.

கே: அவர் ஜீன்ஸ் போட்டுத் தகராறு ஆனது இந்த டூரிலா? (தையற்காரர், ஈரோடு)

ப: அது 2024 டிசம்பர், நியூயார்க், சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் உலக ரேபிட். கடை மாறி வந்துவிட்டீர்.

கே: காஸ்பரோவ் ஏழே நகர்த்தலில் தோற்றது நிஜமா? (நம்ப மறுக்கும் தலைமையாசிரியர், மன்னார்குடி)

ப: நிஜம். டூர் பிறக்கக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். 2005-ல் ஓய்வு பெற்றவர், 2017-ல் செயின்ட் லூயிஸ் ரேபிட், பிளிட்ஸில் வந்து உட்கார்ந்தார். பத்துப் பேரில் பின்பாதி, கௌரவம் பத்திரம். அதோடு விட்டிருக்கலாம்.

2021-ல் ஜாக்ரெப் பிளிட்ஸுக்கு வந்தார். 18 ஆட்டத்தில் இரண்டரைப் புள்ளி. ஏழு நகர்த்தலில் முடித்தவர் மமெத்யாரோவ். ஆனால் 58 வயதில், பேரன் வயதுப் பையன்களிடம் ஊரறிய உதை வாங்க எத்தனை முன்னாள் சாம்பியன்கள் வருவார்கள்? நம் ஊரில் முன்னாள்கள் டெபாசிட் போனாலே ஆறு மாதம் உடல்நிலை சரியிருக்காது.

கே: டூர் பட்டத்தை அதிக தடவை ஜெயித்தவர் யார்? (புள்ளிவிவரப் புலி, நாகர்கோவில்)

ப: 2025 வரை கார்ல்சன், வெஸ்லி சோ, ஃபிரூஸ்ஜா, கருவானா ஆளுக்கு இரண்டு. நகமுராவுக்கும் டிங் லிரெனுக்கும் ஒவ்வொன்று. 2020-ல் கொரோனா, போட்டியின்றித் தேர்வு.

கே: என் பையன் ஜில்லா சாம்பியன். டூரில் சேர்க்க யாரைப் பார்க்க வேண்டும்? (தந்தை, கரூர்)

ப: கதவுகள் மூன்று. முந்தைய டூரில் முன்னணியில் வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உலகத் தரவரிசையின் உச்சாணிக் கொம்பில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அமைப்பாளர்களே வைல்டு கார்டு நீட்ட வேண்டும். 'கவுன்சிலர் நமக்கு வேண்டியவர்' என்கிற நாலாவது கதவுக்கு இன்னும் டெண்டர் விடவில்லை.