லேத் சுருளும் கொக்கு இறகும்

(கதை எழுதிப் பழகும் பீன்யா வட்டார வாசகர்களின் கேள்விகள்)

'கார்மேகக் கூந்தல்' பழசாகிவிட்டதாம். 'அப்சிடியன் கருப்பு' என்று எழுதலாமா?
— வாசகி, தாசரஹள்ளி

அப்சிடியன், எரிமலைக் குழம்பு உறைந்து உண்டாகும் கருங்கண்ணாடி. உங்கள் நாயகன் அதைப் பார்த்திருக்கிறானா? அவன் பார்க்காத கல்லை வாசகர் ஏன் சுமக்க வேண்டும்? ஆற்றில் நீர் வடிந்தபின் நெளிநெளியாகப் படிந்திருக்கும் கருமணலைச் சங்கப் புலவர்கள் கூந்தலுக்கு உவமை சொன்னார்கள். அதன் பெயர் அறல். நிறம், நெளிவு இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிட்டன.

நான் லேத் ஓட்டுபவன். பட்டறையில் எங்கு பார்த்தாலும் எண்ணெய்க் கருப்பு. நிறத்துக்கு எங்கே போவேன்?
— வாசகர், பீன்யா

எங்கும் போக வேண்டாம், குனிந்து பாருங்கள். எஃகைக் கடையும்போது விழும் சுருள் சூட்டுக்கு ஏற்ப நிறம் மாறும். சுமார் 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 280-இல் ஊதா, 300-ஐத் தொட்டால் நீலம். தலைக்கு நீலச் சாயம் பூசி வரும் மகளைப் பார்த்து ஒரு அப்பா, "என்னம்மா, முந்நூறு டிகிரிக்குப் போயிட்டியே!" என்று சொல்லட்டும். முடியின் நிறமும் தெரிந்துவிடும், அப்பாவின் தொழிலும் தெரிந்துவிடும்.

'செம்பட்டை' வசைபோல ஒலிக்கிறது. 'செப்பு நிறம்' என்று மாற்றலாமா?
— வாசகி, ஜாலஹள்ளி

யார் தலை என்று பார்த்து மாற்றுங்கள். வெயிலில் அலைந்தால் முடி வெளுக்கும். புரதச் சத்து கடுமையாகக் குறைந்த குழந்தைக்கும் முடி செம்பட்டையாகும். அப்படியொரு குழந்தைக்குச் 'செப்பு' என்று மெருகு போட்டால் அதன் பசியைத் துடைத்துவிடுகிறீர்கள். பிறவியிலேயே அந்த நிறம் என்றால் செப்பு பொருந்தும். பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டி பேசினால் 'கெஞ்சு கூதலு' (செம்பட்டை முடி) என்றே விட்டுவிடுங்கள்.

நரைக்கு வெள்ளியை விட்டால் வேறு உவமையே இல்லையா?
— வாசகர், யஷ்வந்த்பூர்

புறநானூற்றிலேயே இருக்கிறது. 277-ஆம் பாட்டில், போரில் மகனை இழந்த முதிய தாயின் கூந்தல் கொக்கின் இறகு போல வெளுத்திருக்கிறது. 195-இல், பயனில்லாமல் மூத்தவர்களைக் கண்டிக்கும் புலவருக்கு அவர்கள் நரை மீன்முள்ளாகத் தெரிகிறது. வெள்ளை ஒன்றுதான். மதிப்பு இருந்த இடத்தில் இறகு, கோபம் இருந்த இடத்தில் முள்.

அப்படியானால் அபூர்வமான நிறச்சொல்லே கூடாதா?
— வாசகி, பீன்யா

தாராளமாக எழுதுங்கள். படிப்பவருக்கு அது அபூர்வமாக இருக்கலாம், பார்க்கும் பாத்திரத்துக்குப் பழகியதாக இருக்க வேண்டும். உங்கள் ஊர் கார்மென்ட்ஸில் துணிக்கு நூல் பொருத்தும் பெண்ணுக்கு ஒரு கருப்புக்கும் இன்னொரு கருப்புக்கும் வித்தியாசம் தெரியும். அவள் கண்ணால் கதை சொல்லும்போது, வெறும் 'கருப்பு' என்று எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள்.