மலைக்கோட்டை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?

மார்கழி பிறந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி மலைக்கோட்டையைப் பற்றித்தான். கேமரா வாங்கியவர், போன் மாற்றியவர், இரண்டும் இல்லாமல் ஆலோசனை மட்டும் வைத்திருப்பவர் எல்லோரும் எழுதுகிறார்கள்.

கேள்வி: திருச்சியில் குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறதா என்ன? பிறகு ஏன் இந்த 'குளிர்காலப் புகைப்பட' ஆர்ப்பாட்டம்? (தில்லை நகர் வாசகர்)

ஜனவரி விடியற்காலையிலும் இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதற்கே மங்கி குல்லா, மஃப்ளர், காதில் பஞ்சு. ஒரு பாறையை மலை என்று கொண்டாடும் ஊருக்கு 20 டிகிரியைக் குளிர் என்று சொல்லிக்கொள்ள உரிமை இல்லையா?

கேள்வி: மார்கழி முழுக்கக் காவிரிப் பாலத்தில் நின்று எடுக்கிறேன். மலை கறுப்பாகவே விழுகிறது. போனை மாற்ற வேண்டுமா? (ஸ்ரீரங்கம் வாசகி)

போன் மேல் தப்பில்லை. பூமிதான் சாய்ந்து நிற்கிறது, அதை மாற்ற முடியாது.

பாலத்திலிருந்து பார்க்கும்போது மலை உங்களுக்குத் தெற்கே இருக்கிறது. நீங்கள் பார்ப்பது அதன் வடக்கு முகம். மார்கழியில் சூரியன் நேர் கிழக்கே உதிப்பதில்லை; இருபது டிகிரிக்கு மேல் தெற்கே தள்ளி, தென்கிழக்கில் எழுகிறது. நடுப்பகலில்கூடத் தலைக்கு மேல் வராமல் தெற்கு வானத்தில் 56 டிகிரி உயரத்தோடு நின்றுவிடுகிறது. சாயங்காலம் தென்மேற்கில் போய் விழுகிறது. ஆக, ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குக் காட்டும் முகத்தில் அந்த மாதம் முழுவதும் நேர் வெயில் படுவதே கிடையாது. ஆனி மாதத்தில் கதை நேர்மாறு. அப்போது சூரியன் நம் ஊருக்கு வடக்கே போய்விடும். காலையிலும் மாலையிலும் இதே முகம் பளிச்சென்று இருக்கும்.

ஆகவே, மார்கழியில் பாலத்திலிருந்து முகம் கேட்காதீர்கள், உருவம் கேளுங்கள். ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் எழும்போது வானத்தின் வெளிச்சமான பகுதியில் விரலை வைத்து அளவைப் பூட்டிவிடுங்கள். மலை முழுக் கறுப்பாகட்டும். உச்சிப் பிள்ளையார் மண்டபத்தின் தூண்களுக்கு இடையே வானம் தெரிகிற வரை காட்சியை நெருக்குங்கள். அந்தக் கறுப்பை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். போன் மட்டும் "இருட்டாக இருக்கிறதே, வெளுத்து விடட்டுமா" என்று உதவிக்கு வரும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு ஆறுதலும் உண்டு. ரங்கநாதரே தெற்கு பார்த்துத்தான் பள்ளி கொண்டிருக்கிறார். நீங்கள் நிற்கும் கோணம் பெரிய இடத்துக் கோணம்.

கேள்வி: பாறையின் நிறமும் மடிப்பும் தெரிய வேண்டும். எங்கே நிற்பது? (உறையூர் வாசகர்)

தெப்பக்குளக் கரை. குளம் மலைக்குத் தென்மேற்கே இருக்கிறது. மார்கழி மாலை நாலரை மணிக்கு மேல் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து நேராகப் பாறை மேல் விழும். தாயுமானவர் கோயில் மதில், அதற்குக் கீழே மழைத்தண்ணீர் வழிந்து வழிந்து விட்ட கறுப்புக் கோடுகள், இடையிடையே வெளிறிய பாறை எல்லாம் தனித்தனியாகத் தெரியும். காற்று அடங்கியிருந்தால் குளத்தில் இன்னொரு மலை இலவசம். என்.எஸ்.பி. ரோட்டின் ஜவுளிக்கடை விளம்பரப் பலகைகளும் கூடவே வரும். அவற்றை வெட்டி எறிவதை நான் ஆதரிப்பதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாம் துணி எடுத்த இடம் அது, மலைக்கு அதில் என்ன வெட்கம்?

உதயமாகும் சூரியனையே மலைக்குப் பின்னால் வைக்க ஆசை என்றால் கரூர் சாலைப் பக்கம் போய் நில்லுங்கள்.

கேள்வி: பனி எந்த நாளில் வரும் என்று முன்கூட்டியே தெரியுமா? (திருவானைக்காவல் வாசகர்)

நாளைச் சொல்ல முடியாது, அறிகுறி சொல்லலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்க வேண்டும். முந்தின இரவு மேகமில்லாமல் நட்சத்திரம் தெளிவாகத் தெரிய வேண்டும். காற்று அசையக் கூடாது. அப்போது தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகும். காவிரியும் வயலும் பக்கத்தில் இருப்பதால் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வெயில் ஏறி எட்டு மணி ஆனால் பெரும்பாலும் காலி. மூடுபனியில் கேமரா ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வையுங்கள்.

போகியன்று மட்டும் ஏமாறாதீர்கள். அன்று மலையைச் சுற்றி நிற்பது பழைய பாய்.

கேள்வி: என் நண்பர் வெறும் வானத்தை அழித்துவிட்டு ஆப் மூலம் மேகம் ஒட்டுகிறார். இது மோசடி இல்லையா? (பொன்மலை வாசகர்)

இருக்கலாம், ஆனால் மிகவும் பாரம்பரியமான மோசடி. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லினேயஸ் டிரைப், 1857 டிசம்பரில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவர் எடுத்த திருச்சிப் படங்கள் 1858இல் தொகுப்பாகவே வந்தன. அவரும் நம்மைப் போலக் குளிர்காலம் பார்த்து வந்தவர்தான். மெழுகு பூசிய பெரிய காகித நெகட்டிவ்கள் அவருடையவை. அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல நிறம் என்றால் பேராசை; வானத்தை மொத்தமாக வெளுக்கடித்துவிடும். அதனால் தம் நெகட்டிவ்கள் பலவற்றில் தூரிகையால் மேகத்தைத் தீட்டிச் சேர்த்தார். இன்று அந்தப் படங்களை அருங்காட்சியகங்கள் பத்திரமாக வைத்திருக்கின்றன.

ஒரு வித்தியாசம்: டிரைப் தம் கையால் தீட்டினார். உங்கள் நண்பரின் ஆப், எந்த ஊர் மேகத்தையோ கொண்டுவந்து ஒட்டுகிறது. வெளிச்சம் இடப்பக்கம் இருக்க, மேகம் வலப்பக்கம் சிவந்திருக்கிறதா பாருங்கள். சிவந்திருந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

கேள்வி: இரவில் பாலத்தில் டிரைபாட் வைத்தும் படம் ஆடுகிறதே? (சிந்தாமணி வாசகர்)

டிரைபாட் ஆடவில்லை, பாலம் ஆடுகிறது. 1976இல் திறந்த பாலம். 2022 செப்டம்பரில் மூடி, பேரிங்குகளை மாற்றி, 2023 மார்ச்சில் திறந்துவிட்டார்கள். ஆனாலும் ஒன்றாம் நம்பர் பஸ் கடக்கும்போது எந்தப் பாலமும் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்யும். தூண் மேலே வரும் இடமாகப் பார்த்து வையுங்கள், பஸ் போகட்டும், பிறகு அழுத்துங்கள். பக்கத்தில் சுண்டல் சாப்பிடுபவரிடம் டிரைபாடில் சாயாதீர்கள் என்று பணிவாகச் சொல்லுங்கள். பாலம் அவருக்கும் சொந்தம்.

கேள்வி: உச்சிக்குப் போய் ஸ்ரீரங்கத்தை எடுக்கலாமா? (புத்தூர் வாசகி)

கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. படி ஏறும் முன் கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏறி முடித்துவிட்டுக் கேட்டால் முட்டி மன்னிக்காது.

கேள்வி: டிரோன்? (கே.கே. நகர் வாசகர்)

ஊருக்குள்ளேயே விமான நிலையம் இருக்கிறது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அனுமதி பார்க்காமல் பறக்கவிட்டால் அடுத்த படத்தைப் போலீஸார் எடுப்பார்கள். அதில் நீங்கள் நடுவில் இருப்பீர்கள்.

கேள்வி: என் கணவர் நாலரை மணிக்கே கேமராவோடு கிளம்பிவிடுகிறார். வாசல் தெளிக்கக்கூட ஆள் இல்லை. (உத்திர வீதி வாசகி)

வாசலில் பெரிய கோலமாகப் போட்டு, நடுவில் பரங்கிப்பூ வையுங்கள். நாளைக்கு அவர் வாசலைத் தாண்ட மாட்டார். தண்ணீர் வாளியைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், எது அழகு? ராஜகோபுரமா, மலைக்கோட்டையா? (இரண்டு கரையிலிருந்தும் பலர்)

இரண்டு கரையிலும் எனக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. உயரத்தை மட்டும் சொல்கிறேன். நெடுங்காலம் மொட்டையாக நின்று 1987இல் 13 நிலையோடு முடிந்த ராஜகோபுரம் சுமார் 72 மீட்டர். மலை 83 மீட்டர். ஸ்ரீரங்கத்தில் அரங்கனை இறக்கிவைத்த குற்றத்துக்காக விபீஷணன் துரத்தி, மலை உச்சியில் வைத்துக் குட்டியதாகத்தான் பிள்ளையார் கதை. குட்டு வாங்கியவருக்குப் பத்துப் பதினோரு மீட்டர் கூடக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?