யார் ஆண்டால் என்ன, பிடித்தம் பிடித்தம்தானே?

கேள்வி: வரி, செலவு, பென்ஷன் என்று எதிர்க்கட்சிகள் போடும் கூச்சலில் உண்மை உண்டா? – வாசகர், ஆவடி

பதில்: நிறையவே உண்டு. ஆனால் நாற்காலி மாறினால் குரலும் மாறிவிடுகிறது.

2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்த அரசு ஊழியர்களுக்குப் பழைய பென்ஷனை நிறுத்தியது அ.தி.மு.க. ஆட்சி. அதை மீட்போம் என்று 2021 தேர்தலில் வாக்குறுதி தந்தது தி.மு.க. ஆட்சிக்கு வந்த பின் தாமதம், ‘எங்கே வாக்குறுதி?’ என்று கேட்டவர்களில் அதே அ.தி.மு.க.வும் உண்டு! கேள்வி நியாயமானதுதான், கேட்டவர் யாராக இருந்தாலும்.

அம்பத்தூரில் ஓர் ஆசிரியையின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் 60,000 ரூபாய் என்றால், பென்ஷனுக்காக மாதம் 10 சதவீதம், அதாவது 6,000 ரூபாய் பிடித்தம். பழைய திட்டத்தில் இருக்கும் மூத்த ஆசிரியருக்கு அந்தப் பிடித்தமே கிடையாது. ஒரே பள்ளி, ஒரே வகுப்பறை, இரண்டு விதமான முதுமை. 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட புதிய திட்டம் கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்கிறது. 10 சதவீதப் பிடித்தம் மட்டும் தொடர்கிறது.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலோ கதை டெல்லியுடையது. அங்கே 2004 ஜனவரி முதல் சேர்ந்தவர்களுக்கு மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டம் (என்.பி.எஸ்.).

வரிக்கு வருவோம். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது, அம்பத்தூரில் 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கே 25 சதவீதம் கூடியது. 15-வது நிதிக்குழுவின் நிபந்தனை என்றது அரசு. தெருவில் இறங்கியது அ.தி.மு.க. எதிர்த்தது சரி. மழைநீர் வடிகாலுக்கு வேறு எங்கிருந்து பணம் வரும் என்பதையும் அந்த மேடையிலேயே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.