திருப்புளிக்கு வேலை இருந்த காலம்

ரேடியோ கேட்பதற்கே லைசென்ஸ் வேண்டியிருந்த காலத்தில் வளர்ந்தவன் நான். 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர் தபால் ஆபீசில் ஆண்டுக் கட்டணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். எண்பதுகளில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. இன்று தோவாளையில் என் அக்கா மகன், தோட்டத்து மண்ணின் ஈரத்தை வீட்டுக்குச் சொல்லி அனுப்பும் சின்னஞ்சிறு டிரான்ஸ்மிட்டரையே பூச்செடிக்கு நடுவே நட்டு வைத்திருக்கிறான். அது இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, குறிப்பிட்ட சக்திக்குள் இருக்கும்வரை, 2005 முதல் லைசென்ஸ் தேவையில்லை. கேட்கவே அனுமதி கேட்ட ஊரில் ஒரு பையன் யார் அனுமதியும் இல்லாமல் அலை அனுப்புகிறான். என் ஆயுளில் நான் கண்ட பெரிய விடுதலைகளில் இதுவும் ஒன்று.

அன்று சாமானும் எளிதில் கிடைக்காது. தோவாளைச் சந்தையில் விடியுமுன்னே பிச்சியும் அரளியும் சம்பங்கியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஆனால் ஒரு டயோடு வேண்டுமென்றால் நாகர்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டும். வடசேரிப் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. இனி பாடாது என்று ஒதுக்கிய பெட்டிகளை அந்தக் கடைக்கார அண்ணாச்சி எங்களுக்குத் தருவார்.

“கழத்தும்போதே எது எங்க இருந்துதுன்னு தாள்ல வரைஞ்சு வச்சுக்கோ மக்களே. திருப்பி மாட்டும்போது ஒருத்தன்கிட்டயும் கேக்காண்டாம்” என்பார்.

எனக்குக் கிடைத்த முதல் தொழிற்கல்வி அதுதான். பெட்டியிலிருந்து ஈயத்தை உருக்கிக் கழற்றிய கண்டென்சரும் ரெசிஸ்டரும் பிஸ்கட் டப்பாவில் சேரும். ரெசிஸ்டரின் நிறக்கோடுகளைப் பார்த்து மதிப்பைச் சொல்ல வாய்ப்பாட்டுக்கு அடுத்தபடியாகப் பழகினோம்.

அந்த டப்பாவிலிருந்து எழுந்தது பேட்டரியே இல்லாத ரேடியோ. எனாமல் பூசிய செம்புக் கம்பியை மூங்கில் குழாயில் நெருக்கிச் சுற்றி, இரண்டு நுனியையும் பிளேடால் சுரண்டிப் பளபளப்பாக்க வேண்டும். அதோடு ஒரு கேங் கண்டென்சர், ஓ.ஏ.79 என்ற ஜெர்மானியம் டயோடு, காதில் மாட்ட ஒரு ஹெட்போன். தென்னைக்கும் ஓட்டு முகட்டுக்கும் நடுவே நீளமாகக் கட்டிய கம்பி ஏரியல். பிச்சித் தோட்டத்து வாய்க்கால் ஓரம் அடித்த இரும்பு முளை எர்த். 1963-ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம் 1197 கிலோஹெர்ட்ஸில் மெல்லிசாகக் காதுக்குள் வரும். அதற்கு மின்சாரம் கொடுத்தது நிலையத்தின் அலையேதான். கம்பியில் ஏறிய துளிச் சக்தி ஹெட்போனின் தகட்டை அசைத்துப் பேச வைத்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாளில் சத்தம் கூடும்; மண் காய்ந்தால் குறையும். ஈர மண்ணில் மின்சாரம் எளிதாக இறங்கும் என்பதைப் பாடப்புத்தகத்துக்கு முன்பே காதால் தெரிந்துகொண்டோம்.

பிறகு மொட்டைமாடிக்கு ஏறினோம். 1982-ல் இலங்கையில் ரூபவாகினி வந்தது. 1985-ல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாளம் பேசத் தொடங்கியது. குமரி மாவட்டத்தில் ஆன்டெனா ஒன்று கடலைப் பார்க்கும், இன்னொன்று மேற்கைப் பார்க்கும். அலுமினியக் குழாயை எவ்வளவு நீளத்துக்கு அறுப்பது என்பதற்கு ஒரே கணக்குதான்: 150-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 1984-ல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக நாகர்கோவில் நிலையம் வந்தது. இப்போது 101 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் அதற்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். என் அக்கா மகனின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் ஆறேகால் சென்டிமீட்டர். குழாய் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கணக்கு அப்படியே இருக்கிறது.

அவன் கையில் இருப்பது ஈ.எஸ்.பி.32. சில நூறு ரூபாய்க்குத் தபாலில் வீட்டுக்கே வந்துவிடும் சில்லு. அவனுடைய இப்போதைய வேலை காற்றை அளப்பது. தோவாளைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு பாயும். அதனால்தான் எண்பதுகளிலிருந்து முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. இன்று அவற்றின் திறன் சுமார் 1,500 மெகாவாட். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும் என்று சொன்னதும் பையனுக்குத் தூக்கம் போய்விட்டது.

பிளாஸ்டிக் பந்துகளைப் பாதியாக அறுத்து மூன்று கிண்ணமாக்கிச் சுழலவிட்டான். அச்சில் ஒரு காந்தம். அது கடக்கும்போதெல்லாம் கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் இரண்டு மெல்லிய தகடுகள் தொட்டு விலகும். சில்லு அதை எண்ணும். எத்தனை சுற்றுக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பதை யார் சொல்வது? காற்றே இல்லாத விடிகாலையில் என் பைக்கின் பின்னால் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்துகொண்டான்.

“மாமா, முப்பதுலயே பிடியுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

இருபது, முப்பது, நாற்பது என்று ஓட்டினோம். போன பாதையிலேயே திரும்பியும் வந்தோம். மெல்லிய காற்று இருந்தாலும் போக வர இரண்டின் சராசரியில் அது கழிந்துவிடும். அவன் வரைபடத்தாளில் வைத்த புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே நேர்க்கோட்டில் நின்றன. வடசேரி அண்ணாச்சி பார்த்திருந்தால் பையனின் தோளில் தட்டியிருப்பார்.

அடுத்து எடை. பூ எடைக்கு விற்கும் சரக்கு; பறித்த நேரத்திலிருந்து அதன் நீர் போய்க்கொண்டே இருக்கும். தராசின் உணரியைச் சில்லோடு இணைத்து, ஒரு கூடைப் பிச்சி மதியத்துக்குள் எவ்வளவு இளைக்கிறது, ஈரச் சாக்கு போட்டால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பதிவு செய்யப் போகிறான். ஊரின் பிழைப்பைத் தொடும் இந்தக் கேள்வியை ஒரு பள்ளி மாணவன் வீட்டுத் திண்ணையிலேயே ஆராய முடிகிறது. எங்கள் காலத்தில் இது கனவிலும் நடக்காது.

ஆனால் ஒன்றை இழந்திருக்கிறோம். அன்றைய ரேடியோவின் முதுகில் திருகாணிகள் இருந்தன. சில கம்பெனிகள் உள்மூடியிலேயே சர்க்யூட் வரைபடத்தை ஒட்டித் தந்தன. இன்றைய செல்போனைப் பசை போட்டு மூடிவிடுகிறார்கள். பேட்டரியை மாற்றுவதற்கே சூடுகாட்டி நெம்ப வேண்டியிருக்கிறது. அன்று அலைக்குப் பூட்டு, பெட்டிக்குப் பூட்டில்லை. இன்று அலை திறந்திருக்கிறது, பெட்டி பூட்டிக் கிடக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது நல்ல காரியம். உதிரிபாகமும் வரைபடமும் வாங்கியவர் கைக்குக் கிடைக்கும் வரை அது போதாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காத பிள்ளை அதைவிட நல்லதாக ஒன்றைச் செய்ய மாட்டான்.

உங்கள் வீட்டில் ஓடாத ரேடியோவோ டேபிள் ஃபேனோ சுவர்க் கடிகாரமோ கிடந்தால் ஆக்கர் கடையில் போட்டுவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஒரு திருப்புளியும் ஒரு தாளும் சேர்த்துப் பிள்ளையிடம் கொடுங்கள். ஊதிப்போன பேட்டரி உள்ள பொருளை மட்டும் கொடுக்க வேண்டாம். கழற்றும்போதே வரைந்து வைக்கச் சொல்லுங்கள். திரும்ப ஓடினாலும் ஓடாவிட்டாலும் திட்டாதீர்கள்.