கண்ணு எங்க இருக்கு, தம்பி?

ஜிம்மில் நம் முதுகில் எண்பது கிலோ ஏறி, தொடை தரைக்கு இணையாக வருகிற அந்த நொடியில்தான் அண்ணனுக்குப் பேச்சு வரும். "தம்பி, கண்ணு எங்க இருக்கு?"

இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது அண்ணே என்று சொல்ல வாயைத் திறந்தால், இழுத்து அடக்கிய மூச்சு போய்விடும். மூச்சு போனால் வயிறு தளரும், வயிறு தளர்ந்தால் முதுகு வளையும். ஆகவே ஒன்றும் சொல்லாமல் எழுந்து நிற்போம். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் பாடத்தை ஆரம்பிப்பார்.

அண்ணன் மாஸ்டர் இல்லை. மாஸ்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து புரோட்டீன் டப்பா விற்றுக்கொண்டிருப்பார். அண்ணன் நம்மைப் போல மாதச் சந்தா கட்டுகிறவர்தான். டம்பெல்லை எடுத்த இடத்தில் வைக்காதவர்களைத் திட்டுவது, புரோட்டீன் பவுடரைவிடப் பாசிப்பயறு உசத்தி என்பது எல்லாம் அவருடைய சில்லறைக் கொள்கைகள். உயிரை வைத்திருப்பது, எடைக் கம்பியான பாரை முதுகில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில், அதிலும் பார்வையில்.

ஆரம்பத்தில் அவர் மேல்நோக்குக் கட்சி. "தலை போற வழியிலதான் உடம்பு போகும், ஃபேனைப் பாரு." ஜிம்மே அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தது. மேற்கூரையில் எந்த மூலையில் எவ்வளவு ஒட்டடை என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பார் உட்கார்ந்திருப்பது கழுத்துக்குச் சற்றுக் கீழே. அந்தக் கழுத்தைப் பின்னால் மடக்கிக்கொண்டு இறங்கினால் என்ன ஆகும்? சுளுக்கெண்ணெய் வாசனையோடு இரண்டு பேர் வந்தார்கள். கட்சி கலைந்தது.

அடுத்து ஏதோ ஒரு வீடியோ. நேர்பார்வைதான் சரியாம். வீட்டிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு அட்டை கொண்டுவந்து, கண்ணாடியில் தம் கண் உயரத்துக்கு ஒன்று ஒட்டினார். அவர் உயரம் ஐந்தே கால் அடி. ஆறடிப் பையன் ஒருவன் குனிந்து பொட்டைத் தேடினான். "உனக்குத் தனியா ஒண்ணு ஒட்டிருவோம்" என்றார். உட்காரும்போது கண்ணும் சேர்ந்துதானே இறங்கும் அண்ணே என்று ஒரு இன்ஜினியரிங் மாணவன் வேண்டுமென்றே கேட்டான். நியாயம்தானே? இறங்கும்போது பார்க்க ஒரு பொட்டு, ஏறும்போது பார்க்க ஒரு பொட்டு என்று ஆளுக்கு இரண்டானது. மாதக் கடைசியில் கண்ணாடிக்கு அம்மை போட்டிருந்தது.

மூன்றாவதுதான் பெரிய கூத்து. அமெரிக்கப் பயிற்சியாளர் மார்க் ரிப்பட்டோவின் 'ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரென்த்' 2005-ல் வந்த புத்தகம். சில அடி முன்னால் தரையில் ஒரு புள்ளியைப் பார், இடுப்பை மேலே செலுத்த அது உதவும் என்பது அவர் கட்சி. அண்ணன் புத்தகத்தைப் படித்தாரா தெரியாது, "ரிப்பட்டோவே சொல்லிட்டாரு" என்று மட்டும் சொல்வார். புள்ளிக்கு என்ன செய்வது? தண்ணீரில் பிழிந்து குடிக்கக் கொண்டுவந்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, பாரைத் தாங்கும் ரேக்குக்கு முன்னால் தரையில் வைத்தார். இரவு மறந்துபோய் அப்படியே விட்டுவிட்டும் போனார்.

விடியற்காலை கூட்ட வந்த அக்கா பார்த்தது இது: கண்ணாடி நிறையச் சிவப்புப் பொட்டு. நடுத்தரையில் எலுமிச்சம்பழம். அதைச் சுற்றிலும் விபூதி போல வெள்ளைப் பொடி (கை வழுக்காமலிருக்கப் பையன்கள் பூசும் சாக்பவுடர்தான்). விளக்குமாறை வாசலிலேயே போட்டுவிட்டு, "யாரோ வச்சுட்டாங்க சார்" என்று மாஸ்டருக்குப் போன் அடித்தார். மாஸ்டர் ஆஞ்சநேயர் படத்துக்குச் சூடம் காட்டி அவரை உள்ளே அழைத்துவர வேண்டியதாயிற்று. அதற்குள் அண்ணன் வந்தார். விளக்கம் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. கடைசியில் அந்தப் பழத்தையே எடுத்து, அக்கா பார்க்கப் பார்க்கப் பிழிந்து குடித்தார். அன்றிலிருந்து அண்ணன் இருக்கிற பக்கம் அக்கா கூட்டுவதில்லை.

விஷயம் இவ்வளவு சிக்கலே இல்லை. பாரை முதுகில் சற்றுத் தாழ்த்தி வைத்தால் உடம்பு முன்னால் சாயும். கழுத்து முதுகோடு ஒரே கோட்டில் இருந்தால் கண் தானாகத் தரைக்குப் போகும். உயர்த்தி வைத்தால் உடம்பு நிமிரும், கண்ணும் நேரே போகும். நெஞ்சுக்கு மேலே பாரைத் தாங்குகிற ஃப்ரண்ட் ஸ்குவாட்டில் காலடியைப் பார்த்தால் முழங்கை தொங்கி பார் நழுவும். எப்படியானாலும் அசையாத ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும். எவ்வளவு ஆழம் இறங்கினோம் என்று பக்கக் கண்ணாடிக்குத் தலையைத் திருப்பக் கூடாது. பவர்லிஃப்டிங் போட்டியில் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதியைவிடத் தாழ்ந்ததா என்று மூன்று நடுவர்கள் பார்க்கிறார்கள். இறங்கத் தொடங்கலாம் என்று தலைமை நடுவர் கையை இறக்கிக் காட்டுவதோடு வாயாலும் சொல்கிறார், தரையைப் பார்க்கிறவனுக்கும் கேட்க வேண்டுமே! கண்ணுக்கு மதிப்பெண் கிடையாது. இதை அண்ணனிடம் சொன்னேன். "நடுவருங்களுக்கு என்ன தம்பி தெரியும்" என்றார்.

அவர் வெறும் வாய்ச்சொல் வீரர் என்று நினைத்துவிடாதீர்கள். நூறு கிலோ போடுவார், ஆழமாக இறங்குவார், பார்க்க அழகாக இருக்கும். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, "முருகா" என்று. கேட்டால், "அது அனுபவம் தம்பி." யாராவது புதிதாகப் பத்து கிலோ கூட்டித் தூக்கிவிட்டால் தூக்கியவனைவிட அதிகம் குதிப்பவரும் அவர்தான். அதனால்தான் இதுவரை யாரும் சண்டைக்குப் போகவில்லை.

ஆனாலும் ஒரு பையன் விஷயத்தில் எனக்குக் கோபம்தான். பிளஸ் டூ முடித்தவன், ஒல்லி, கூச்ச சுபாவம். பிளேட் எதுவும் மாட்டாமல் இருபது கிலோ வெறும் பாரோடு இறங்கிக்கொண்டிருந்தான். அண்ணன் முன்னால் போய் நின்று ஆள்காட்டி விரலால் அவன் மோவாயைத் தூக்கினார். பிறகு கொஞ்சம் இறக்கினார். பையன் தடுமாறி, பார் ரேக்கின் கம்பியில் மோதி, அந்தச் சத்தத்தில் ஜிம்மே திரும்பிப் பார்த்தது. மறுநாள் அவன் வரவில்லை. முன்பணமாகக் கட்டிய மூன்று மாதச் சந்தாவைத் திருப்பிக் கேட்கவும் வரவில்லை. முதுகில் பாரம் இருக்கிறவனிடம் பேசக் கூடாது, தொடவே கூடாது. ரேக்கில் வைத்த பிறகு விடிய விடியப் பேசுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

சொல்லியும் விட்டேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கண்ணைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டார். இப்போது நாக்கு. அதை மேலண்ணத்தில் ஒட்டி வைத்தால் கழுத்து ஆடாதாம், வீடியோ வந்திருக்கிறதாம். ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, பாதி இறங்கியவனிடம் "ஆ காட்டு" என்கிறார்.