மாஸ்டரின் காது

எண்பதுகளில் மாயவரத்தில் பத்தாவது முடித்த பையனை மறுவாரமே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிடுவார்கள். ரிசல்ட் வரட்டும் என்றெல்லாம் காத்திருக்க மாட்டார்கள். மாடியில் ஒரு நீள அறை. ரெமிங்டன், ஃபேசிட், கோத்ரெஜ் என்று வரிசையாக மிஷின்கள். எல்லோரும் சேர்ந்து அடிக்கும்போது தெருவில் போகிறவர்கள் ஆலங்கட்டி மழையோ என்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

மூலையில் மாஸ்டர் தினத்தந்தியை விரித்து அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். "மூணாவது மிஷின், சுண்டுவிரல் சோறு திங்கலையா? ‘ஏ’ பாதிதான் விழுது." எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் மூன்றாவது மிஷின்காரன் தாளில் ‘ஏ’ வெளிறித்தான் கிடக்கும்.

தமிழ் மிஷின் என்றால் அவர் காது இன்னும் கூர்மை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயா பக்கம் பிழைக்கப்போன ஆர். முத்தையா தமிழுக்கு மிஷின் அமைத்தபோது நகரும் விசை, நகரா விசை என்று இரண்டு வைத்தார். புள்ளியை அடித்தால் வண்டி அப்படியே நிற்கும். எழுத்தை அடித்தால்தான் ஓரடி தள்ளும். ஆக, புள்ளிக்கு ஒரு சத்தம், எழுத்துக்கு ஒரு சத்தம். "க்‌ போட வேண்டிய இடத்துல க போட்டுட்டு எங்கடா ஓடறே?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து வரும்.

ரகசியம் என்று எங்களுக்கு அப்போது பெரிதாக ஒன்றும் கிடையாது. அஞ்சலட்டையைத் தபால்காரர் படித்துவிட்டுத்தான் தருவார். நல்ல சேதி என்றால் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே சிரித்துவிடுவார். தந்தி அடிக்கப் போனால் கவுண்டரில் இருப்பவர் வார்த்தைகளை எண்ணி முடிப்பதற்குள் சாவு யார் வீட்டில் என்று தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தையைக் குறைத்துக் காசை மிச்சப்படுத்தியும் கொடுப்பார். விண்ணப்பங்களில் பி.பி. நம்பர் என்று எதிர்வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதுவோம். வேலைக்கான அழைப்பு வந்தால் எதிர்வீட்டு மாமிக்குத்தான் முதலில் தெரியும், எனக்கு நான்காவதாக. ஒட்டுக்கேட்டவர்கள் எல்லோருக்கும் முகவரி இருந்தது. சண்டை போடலாம், அடுத்த தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்காமல் இருக்கலாம்.

இப்போது நாகரிகம் முற்றிவிட்டது. ஏ.டி.எம்.மில் பின் நம்பர் போடும்போது, பின்னால் நிற்கும் தள்ளாத கிழவருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று கையைக் குவித்து மறைக்கிறோம். வெளியே வந்து பஸ் ஏறியதும் ஓ.டி.பி.யை மகனுக்குப் போனில் உரக்கச் சொல்கிறோம்: "நாலு... ஏழு... கேக்குதா? ஏழுடா!" பஸ்ஸில் கேட்காதவர் யாருமில்லை.

பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள், லேப்டாப் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். யாரோ பார்க்கிறார்களாம். அந்த லேப்டாப்புக்கு ஒரு சாண் தள்ளி, முகத்தை மேலே காட்டியபடி, அவளுடைய போன் படுத்திருக்கிறது.

அந்த ஒரு சாண் கணக்கை 2023-இல் இங்கிலாந்தில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் போட்டுப் பார்த்தார்கள். மேக்புக் ஒன்றின் பக்கத்தில், 17 சென்டிமீட்டர் தள்ளி, ஓர் ஐபோனை வைத்தார்கள். எழுத்தும் எண்ணுமாக 36 விசைகள்; ஒவ்வொன்றையும் 25 தடவை அடித்தார்கள். ஒவ்வொரு தட்டலின் ஓசையையும் ஒரு படமாக மாற்றி, படங்களைப் பிரித்தறியும் செயற்கை நுண்ணறிவுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு அது கேட்டுச் சொன்னதில் 95 சதவீதம் சரி. ஜூம் அழைப்பு வழியாகக் கேட்டபோதும் 93. நம் காதுக்கு எல்லாம் ஒரே ‘டிக்’. ஆனால் ஒவ்வொரு விசையும் பலகையில் வேறு வேறு இடத்தில் இருப்பதால், அடிக்கு அடி பலகை அதிர்வது கொஞ்சம் மாறுகிறது. மிஷினுக்கு அந்தக் கொஞ்சம் போதும். மாஸ்டருக்கும் போதுமாகத்தான் இருந்தது, அவர் யாரிடமும் பேப்பர் எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் புதிதுமல்ல. 1956-இல் சூயஸ் நெருக்கடி சமயத்தில், லண்டனிலிருந்த எகிப்துத் தூதரகத்தில் சங்கேத இயந்திரத்தைத் தினமும் காலையில் திருகி அமைக்கும் ‘கிளிக்’ ஒலியை பிரிட்டிஷ் உளவாளிகள் தொலைபேசிக்குள் மைக் வைத்துக் கேட்டார்கள். தூதரகத்தை ஒட்டுக்கேட்க அன்றைக்கு ஓர் அரசாங்கம் மெனக்கெட வேண்டியிருந்தது. நாமோ போனை நம் காசில் வாங்கி, நாமே சார்ஜ் போட்டு, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். டார்ச் லைட் செயலி மைக்குக்கு அனுமதி கேட்டால், இருட்டில் அதற்கென்ன பேச்சு என்றுகூட யோசிக்காமல் ‘சரி’யை அழுத்துகிறோம். அந்த ஐபோன் ஆய்வு வெளிவந்த அதே 2023 ஆகஸ்ட் மாதம்தான் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டத்தின் அச்சாணியே நம் சம்மதம். அதைத்தான் வாரி வழங்கியாயிற்றே.

தப்பிக்க என்ன வழி என்றும் அந்த ஆராய்ச்சியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்று, விசைகளைப் பார்க்காமல் பத்து விரலாலும் அடிப்பது. அப்படி அடித்தால் மிஷின் தடுமாறுகிறதாம். ஒரே சீராக, ஒரே அழுத்தத்தில் அடி என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தியது இதற்குத்தான் போலும். மகளிடம் பெருமையாகச் சொன்னேன். இரண்டே விரலில் அடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"பாஸ்வேர்டு யாருப்பா இப்பல்லாம் அடிக்கிறாங்க? விரலை வச்சாப் போதும்."

"கைநாட்டா?"

"சேஃப்பா இருக்குல்ல?"

எங்கள் தாத்தா கடைசிவரை பத்திரத்தில் கைநாட்டுத்தான் வைத்தார். அந்த அவமானம் தீரத்தான் அப்பா பள்ளிக்கூடம் போனார், நான் டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும் பாஸ் செய்தேன்.