தேக்காவுக்கு ஒரு ஸ்பிரிங், செப்பாங்குக்கு ஒரு ஸ்பிரிங்

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தண்டாகச் சேர்ந்து, உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இடம் தரும் தொகுதிக்குக் காயில்ஓவர் என்று பெயர். காரோடு வந்ததைக் கழற்றிவிட்டு இதை மாட்டும் ஆசை, ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய சிங்கப்பூரருக்குச் சாவி கைக்கு வந்த வாரமே பிறந்துவிடுகிறது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழின் கட்டணம் 150,001 வெள்ளியைத் தொட்ட ஊர் இது. பத்தாண்டு வைத்துக்கொள்ளும் உரிமைக்கே அவ்வளவு கொடுத்தவருக்கு, இன்னும் சில ஆயிரம் வெள்ளி ஒரு செலவாகவே தெரிவதில்லை.

தடத்தில் ஓட்டத்தான் வாங்குகிறேன் என்பார். எந்தத் தடம் என்பதுதான் சிக்கல். சிங்கப்பூரில் நிரந்தரப் பந்தயத் தடம் கிடையாது. அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி நடந்தது. இப்போது அந்தப் பக்கம் உரிமையோடு உலாவுபவை குரங்குகள். சாங்கியில் ஒன்று கட்ட 2010-இல் ஒப்பந்தம் கொடுத்தார்கள். அது தடமாகாமலே முடிந்தது. தேக்கா என்னும் லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோடு இருக்கிறதே என்றால், அங்கே ஓடியவை குதிரைகள். அவையும் 1933-இல் புக்கிட் தீமாவுக்குப் போய், பிறகு கிராஞ்சிக்கு மாறி, 2024 அக்டோபரில் ஓட்டத்தையே நிறுத்திவிட்டன. மிஞ்சியிருப்பது மரினா பே. 2008 முதல் ஃபார்முலா ஒன் கார்கள் இரவில் சீறும் அதே சாலைகளில், மற்ற நாள்களில் யார் வேண்டுமானாலும் பேருந்துக்குப் பின்னால் போகலாம்.

ஆகவே தடம் என்றால் பெரும்பாலும் மலேசியாவின் செப்பாங். முக்கால் தொட்டி பெட்ரோல் இல்லாமல் சிங்கப்பூர்க் கார் எல்லையைக் கடக்க முடியாது என்பதால், எடையைக் குறைக்க ஸ்பேர் டயரை வீட்டில் வைத்துவிட்டு வந்தவரும் அந்தப் பாரத்தோடுதான் போக வேண்டும். போகவர 600 கிலோமீட்டருக்கு மேல். செப்பாங்கின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், ஆசை தீர முப்பது சுற்று அடித்தாலும் 166 கிலோமீட்டர்தான். தடத்துக்கென்றே ஒதுக்கிய நாளிலும் ஐந்தில் நான்கு பங்கு நெடுஞ்சாலையில் கழிகிறது. மற்ற நாள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகே ஸ்பிரிங் பக்கம் வர வேண்டும். ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ எடை தேவை என்பதே அதன் விறைப்பு. பட்டறைகளில் ‘எட்டு கிலோ’, ‘பத்து கிலோ’ என்பார்கள். தொலைபேசியில் பேசும்போது வீட்டில் உள்ளவர்கள் அரிசி என்று நினைத்துக்கொள்வது இதில் ஒரு வசதி.

கிலோ கூடினால் வீரம் கூடும் என்ற நம்பிக்கை பரவலானது. ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ உட்காரும் சிறிய காரில், சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு 2.7 கிலோவாக இருந்தால் அந்த மூலை நொடிக்கு 1.5 முறை ஏறி இறங்கும். அது விளையாட்டுத்தனமும் முதுகும் ஒத்துப்போகும் இடம். 10 கிலோவாக்கினால் நொடிக்கு 2.9 முறை, அது பந்தயக் காருக்கான அதிர்வு. அதோடு, ஸ்பிரிங்கின் விறைப்பு அப்படியே சக்கரத்தில் வந்து சேருவதில்லை. ஷாக் அப்சார்பர் தண்டே சக்கரத்தைப் பிடித்து நிற்கும் மெக்ஃபர்சன் அமைப்பில் ஏறத்தாழ முழுவதும் வரும். மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் இரட்டைக் கை அமைப்பில், சக்கரம் பத்து மில்லிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் ஏழுதான் அமுங்கும் என்றால், 10 கிலோ 4.9 ஆகிவிடும். வேறு காருக்கு நண்பர் என்ன வாங்கினார் என்று விசாரிப்பது உறவை வளர்க்குமே தவிர, காருக்கு உதவாது.

ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது. அதன் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். பணம் போக வேண்டிய இடமும் இதுதான். சுவீடனின் ஓலின்ஸ், ஜெர்மனியின் பில்ஸ்டைன், கேடபிள்யூ, ஜப்பானின் தெய்ன் என்று பெயர்கள் பல. விலையுயர்ந்தவற்றில் ‘குறைவேகம்’, ‘அதிவேகம்’ என்று தனித்தனித் திருகுகள் இருக்கும். அது காரின் வேகமல்ல, உள்ளே பிஸ்டன் நகரும் வேகம். 90-க்கு மேல் விரைவுச்சாலையிலேயே போக முடியாத ஊரில் அதிவேகத் திருகு எதற்கு என்று கேட்கத் தோன்றும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கார்நிறுத்தத்தின் வேகத்தடையில் ஏறும் அந்த நொடியில்தான் பிஸ்டன் பறக்கிறது. தடத்தில் வளைவுக்குள் கார் நிதானமாகச் சாய்வது குறைவேகம். செராங்கூன் சாலையில் தோண்டி மூடிய பள்ளத்தைக் கடப்பது அதிவேகம்.

தாழ்த்துவதில் இருக்கும் அழகு மறுக்க முடியாதது. ஆனால் மெக்ஃபர்சன் காரை மிகவும் தாழ்த்தினால், ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட, கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த உருள்மையம் அதிகம் இறங்கி, கார் முன்னைவிடச் சாயத் துடிக்கும். அமுங்க இடமில்லாமல் ரப்பர்த் தடுப்பில் முட்டவும் செய்யும். வீரமாகாளியம்மன் கோயில் முன் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை ஏற்றும்போது எந்தப் பழம் முதலில் நசுங்கியது என்று ஓட்டுநரின் முதுகெலும்பே சொல்லிவிடும். 20, 25 மில்லிமீட்டருக்கு மேல் இறக்குவது புகைப்படத்துக்குத்தான்.

மழையையும் மறக்கக் கூடாது. செப்பாங்கில் பிற்பகல் மழை 2009 கிராண்ட் பிரியையே பாதியில் நிறுத்தியது. ஈரத் தரையில் விறைத்த கார் பிடிப்பை இழக்கும்; சற்று மென்மையான கார்தான் ஓட்டுநருக்கு முன்கூட்டியே சேதி சொல்லும்.

விதிகள் தனிக்கதை. எந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம், எது கூடவே கூடாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் வகுத்து வைத்திருக்கிறது. மூன்று வயதைத் தாண்டிய காருக்கு ஈராண்டுக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும். கடைக்காரரின் ‘ஒன்றும் ஆகாது’ அங்கே செல்லாது. வாங்குமுன் ஆணையத்திடமே கேட்டுவிடுவது மலிவு.

ஆண்டுக்கு ஓரிரு முறை செப்பாங் போகிறவர் முதலில் நல்ல டயர், புது பிரேக் எண்ணெய், ஒழுங்கான அலைன்மெண்ட் என்ற மூன்றுக்கும் செலவழிக்கட்டும். அதன் பிறகும் ஆசை தீராவிட்டால், நல்ல ஷாக் அப்சார்பரும் காரோடு வந்ததைவிடச் சற்றே விறைத்த ஸ்பிரிங்கும் போதும். பத்து கிலோவெல்லாம், காரை டிரெய்லரில் ஏற்றித் தடத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு. கழற்றிய பழைய தொகுதியை மட்டும் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். துடைத்துக் கட்டி, வீட்டு பாம் ஷெல்டரில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள். காரை விற்கும் நாளில் வாங்க வருபவர் அதைக் கேட்பார்.